தேவதாசன் சேர் பைதன் படித்தது

தேயிலைத் தோட்டத்தின் கீழ் டிவிசனில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் போன்கள் எல்லாம் ஒரே நேரத்தில் கத்தியபோது வெளியே நல்ல வெயில். "மழை அளவு மீறிவிட்டது. உடனே வீட்டை விட்டு வெளியேறவும்" என்றது மெசேஜ்.

கொஸ்லந்தப் பக்கம் மலை சரிந்து லயம் புதைந்ததை அந்த மலையில் யாரும் மறக்கவில்லை. ஆகவே ஒருவரும் வானத்தைப் பார்க்கவில்லை. டிவியைத் தூக்கினார்கள். காஸ் சிலிண்டரைத் தூக்கினார்கள். படுத்த படுக்கையாய்க் கிடந்த அந்தோனியைக் கட்டிலோடு தூக்கினார்கள். மல்லாந்து கிடந்ததால் வானம் தெரிந்தது அவருக்கு மட்டும்தான்.

"வெயிலடிக்குதேடா" என்றார் பாதி வழியில்.

மெசேஜை அனுப்பியவர் தோட்டப் பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியார் தேவதாசன். ஏதோ ஒரு நிறுவனம் பள்ளிக்கூடக் கூரையில் மழை அளக்கும் கருவி ஒன்றைப் பொருத்தி, பழைய கம்பியூட்டர் ஒன்றையும் கொடுத்துவிட்டுப் போயிருந்தது. புரோகிராம் எழுத வரவேண்டிய பையன் வேலை தேடிக் கட்டாருக்குப் போய்விட்டான். கருவி மழையை அளந்தது, யாரிடமும் சொல்லவில்லை. ஐம்பத்தொரு வயதில் தேவதாசன் போனில் வீடியோ பார்த்துப் பைதன் என்ற கம்பியூட்டர் மொழியைப் படிக்க உட்கார்ந்தது அதனால்தான்.

மூன்றாம் நாள் கம்பியூட்டர் 'வணக்கம்' என்று எழுதியது. மனைவி றோசாலியைக் கூப்பிட்டுக் காட்டினார். இதற்காகவா மூன்று நாள் ஒழுங்காகச் சாப்பிடவில்லை என்று கேட்டுவிட்டு அவள் போய்விட்டாள்.

வெயிலில் மெசேஜ் போனதற்குக் காரணம் ஒரு குறி. மழை எழுபத்தைந்து மில்லிமீற்றரை விடப் பெரிது என்று போடவேண்டிய இடத்தில் சிறிது என்று போட்டிருந்தார். இருபத்தாறு வருடமாகப் பிள்ளைகளுக்கு அவர் சொல்லிக்கொடுத்த குறி அது.

குறியைத் திருப்பினார். திருப்பும்போது ஒரு வரி நாலு எழுத்து உள்ளே தள்ளிப்போனது. பைதனில் அது பெரிய குற்றம். அடுத்த மழைக்கு ஒவ்வொரு போனுக்கும் நாற்பத்தொரு மெசேஜ் போனது. லயத்துத் தலைவர் சுரேஸ் மறுநாள் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றார்.

"மலை விழுறதுக்கு முந்தி போன் வெடிச்சிரும் போல இருக்கு சேர்."

ஒரு நாளைக்கு ஒரு தரம், சரியாக நாலு மணிக்கு மட்டும் பார்த்து அனுப்பும்படி மாற்றினார். இப்போது வேறொன்று கெட்டது. நேற்றைய மழையை மறக்கச் சொல்ல மறந்துவிட்டார். இன்றைய தூறலை நேற்றையதோடு கூட்டி, அதை முந்தாநாளையதோடு கூட்டி, புரோகிராம் ஒரே வாரத்தில் எழுபத்தைந்தைத் தாண்டியது. பிறகு தினமும் நாலு மணிக்கு மெசேஜ் போனது. திருத்தப் போனால் திரை சிவப்பாகிறது. பயந்துபோய்த் தொடாமல் விட்டார்.

முதல் இரண்டு நாள் ஆட்கள் ஓடினார்கள். மூன்றாம் நாள் எட்டிப் பார்த்தார்கள். அதற்குப் பிறகு, மெசேஜ் வந்ததும் தேத்தண்ணிக்குக் கேத்தலை அடுப்பில் வைத்தார்கள். கொழுந்து பறிக்கும் பாக்கியலெட்சுமி வழியில் கண்டு நன்றியே சொன்னாள்.

"நீங்க அனுப்புனாத்தான் சேர் கொழுந்தத் தூக்கிக்கிட்டுக் கடைசி நிறுவைக்குப் போவோம். கங்காணிகூட இப்ப மணிக்கூடு கட்டுறதில்ல."

அன்றைக்கு இரவு, ஒரு லயத்தையே எச்சரிக்கைக்குப் பயப்படாமலிருக்கப் பழக்கிவிட்டோம் என்று றோசாலியிடம் சொன்னார். நிறுத்திவிடுங்கள் என்றாள். நிறுத்திய நாளில் மலை வந்துவிட்டால் என்று கேட்டார்.

நவம்பரில் மூன்று நாள் விடாமல் அடித்தது மழை. வேலை இல்லை, பள்ளிக்கூடம் இல்லை. தேவதாசன் றோசாலியிடம்கூடச் சொல்லாமல் தனியாகப் பள்ளிக்கூடம் போய்க் கம்பியூட்டர் முன்னால் உட்கார்ந்தார். யாராவது திட்ட அழைப்பார்கள் என்று போனை மேசை லாச்சிக்குள் போட்டு மூடினார். ஓடிக்கொண்டிருந்த புரோகிராமை நிறுத்திவிட்டு, ஒவ்வொரு நாளும் கணக்கைப் பூச்சியத்திலிருந்து தொடங்கும்படி இரண்டு வரி சேர்த்தார். திரை சிவந்தது. இருபத்து மூன்றாம் வரியில் பிழை என்றது.

இருபத்து மூன்றாம் வரியில் ஒரு பிழையும் இல்லை. அதை எட்டுத் தரம் அழித்து எழுதினார். பிழை இருந்தது இருபத்திரண்டில், மூடாத ஓர் அடைப்புக்குறி. கண்டுபிடித்து மூடியபோது மணி நாலே முக்கால்.

புரோகிராம் ஓடியது. முதல் தரமாக உண்மையைச் சொன்னது: இன்றைய மழை, நூற்று அறுபத்திரண்டு. நாலு மணி தாண்டிவிட்டதால், மெசேஜை அனுப்பாமல் நாளைய நாலு மணிக்காக அமைதியாகக் காத்திருந்தது.

தேவதாசன் லாச்சிக்குள் கிடந்த போனையும் மறந்து எழுந்து ஓடினார். தேயிலைக்குள் இறங்கும் குறுக்குப் பாதையில் பாதி தூரம் போகும்போது சத்தம் கேட்டது. லொறி லொறியாகக் கல் கொட்டுகிற சத்தம், முடியாமல் நீண்டது. வளைவில் வந்து பார்த்தபோது லயம் இல்லை. இருபத்து நாலு வீடும் இல்லை. சேற்றில் ஒரு தகரம் மட்டும் நட்டுக்கொண்டு நின்றது.

பெயர் பெயராகக் கூப்பிட்டார். கையால் மண்ணைத் தோண்டினார். எங்கிருந்தும் ஒரு குரலும் வரவில்லை. அங்கேயே மழையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். பிறகு, மண்வெட்டியோடு ஆள் கூட்டி வரவேண்டும், அது முடிந்ததும் பொலிசுக்குப் போய் நான்தான் காரணம் என்று சொல்லவேண்டும் என்று முணுமுணுத்தபடி, ரோட்டு வழியாகத் தன் குவாட்டர்சுக்கு ஏறினார்.

வாசலில் ஒரே குடையாக இருந்தது. நோயாளிகள் முதல் கைக்குழந்தைகள் வரை நூறு பேருக்கு மேல் நின்றார்கள். நடுவில் றோசாலியை உட்கார வைத்து, பெண்கள் கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருந்தார்கள். தலை முதல் கால் வரை சேறாக வந்து நின்றவரைக் கண்டதும் கூட்டம் ஓர் அடி பின்வாங்கியது.

பாக்கியலெட்சுமி மட்டும் கிட்ட வந்து, கையைத் தொட்டுப் பார்த்தாள். அவளுக்குக் கோபம்தான் வந்தது.

"நாலு மணிக்கு மெசேஜும் வரல, போனும் எடுக்கல. நீங்க போய்ச் சேந்துட்டீங்கன்னு, மொத்த லயத்தையும் பூட்டிட்டுச் சாவுக்கு வந்துட்டோம் சேர்."