செகண்ட் கியர் அண்ணனும் ரோசம்மாவின் பாட்டும்

ஏற்காட்டில் கிறிஸ்துமஸ் அன்று காலையில் புதுச்சட்டை போட்டுக்கொண்டு ரோட்டோரம் நிற்கவே கூடாது. நின்றால், நீங்கள் எந்த ஊர், என்ன மதம் என்று எதுவும் கேட்காமல் செகண்ட் கியர் அண்ணன் உங்களைத் தன் ஜீப்பில் அள்ளிப்போட்டு சர்ச் வாசலில் இறக்கிவிடுவார்.

நான் அங்கே பேங்க் வேலையில் இருந்தபோது அவர் எதிர்வீட்டுக்காரர். ஜீப்பில் மூன்றாவது கியர் என்று ஒன்று இருப்பதையே ஒப்புக்கொள்ளாதவர். அதனால்தான் அந்தப் பெயர். நெற்றியில் பட்டை விபூதி, டேஷ்போர்டில் முருகன். வருடம் முழுக்க டூரிஸ்டுகளிடம் வாய் கூசாமல் வாடகை கேட்கிற மனுஷன், அந்த ஒரு நாள் மட்டும் யாரிடமும் காசு வாங்க மாட்டார். ஏன் என்று ஒருமுறை கேட்டேன்.

"டூரிஸ்டு கூட்டத்துல பஸ்ஸுல கால் வெக்க எடமில்லீங்க சார். எஸ்டேட்டு சனம் சர்ச்சுக்கு எப்படிப் போகும்? நம்மகிட்ட வண்டி இருக்குதுங்க. அவ்வளவுதான்."

நோக்கம் தங்கம். ஆள் பிடிக்கிற முறைதான் விபரீதம். புதுத்துணி என்றால் சர்ச். அவருக்கு வேறு கணக்கே கிடையாது. ஒரு வருடம் பெண் பார்க்கக் கிளம்பிய மாப்பிள்ளையை ஏற்றிக்கொண்டு போய்விட்டார். அந்தப் பையன் ஒருவழியாகப் பெண் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது பஜ்ஜி ஆறிப்போயிருந்தது. பெண்ணின் அப்பா மட்டும் ஆறவில்லையாம்.

ரோசம்மா விவகாரம் நான் ஏற்காட்டை விட்டு வருவதற்கு முந்தைய கிறிஸ்துமஸில் நடந்தது. கரடியூர்ப் பக்கம் தனியாக இருந்த வயதான அம்மா அவர். எஸ்டேட்டில் காபி பறித்தவர். கல்யாணத்துக்கு முன்பிருந்தே சர்ச் பாட்டுக் குழுவில் பாடியவர். இடுப்பெலும்பு முறிந்ததிலிருந்து வாசல் தாண்டவில்லை.

"ஒரே ஒருக்கா எல்லாரோடயும் சேந்து பாடிட்டாப் போதும் கண்ணு" என்று அண்ணனிடம் கேட்டிருந்தார். அண்ணன் வாக்குக் கொடுத்துவிட்டு, துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டார்.

ரோசம்மாவை முன்சீட்டில் உட்காரவைத்துக் கிளம்பினோம். வழியில் ஒரு வளைவில் புதுமணத் தம்பதி நின்றிருந்தார்கள். பட்டுச்சேலை, மடிப்புக் கலையாத சட்டை. கேட்க வேண்டுமா? பின்சீட்டில் ஏற்றியாகிவிட்டது.

சர்ச்சுக்கு ஒரு கிலோமீட்டர் இருக்கும்போது கிளட்ச் ஒயர் அறுந்தது. ஆராதனை எப்போதோ ஆரம்பித்திருக்கும். முன்னாலும் பின்னாலும் டூரிஸ்ட் வண்டிகள் நெரிசலில் நின்றதால் வேறு ஜீப் பிடிக்கவும் வழியில்லை.

"உடு சாமி, அடுத்த வருசம் பாத்துக்கலாம்" என்றார் ரோசம்மா.

அண்ணன் இறங்கி ஓடினார். பக்கத்து டீக்கடையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"உக்காருங்க ஆத்தா. தம்பி, நீங்க அந்தப் பக்கம் புடிங்க. நீங்களும் சர்ச்சுக்குத்தானுங்களே?"

"இல்லீங்க! வியூ பாயிண்டுக்கு!" என்றான் புதுமாப்பிள்ளை.

"ஏனுங்க, அதை முன்னாடியே சொல்றதில்லீங்களா?"

"நாலு தடவை கத்துனேனுங்க! உங்க வண்டி போடற சத்தத்துல எங்க கேக்குது?"

கோபத்தோடுதான் குனிந்தான். ஆனாலும் நாற்காலியைப் பிடித்தான். அவன் மனைவி ரோசம்மாவின் ஊன்றுகோலை வாங்கிக்கொண்டாள். பின்பக்கம் என் பொறுப்பு. நெரிசலில் நின்ற டூரிஸ்டுகள் இதை ஏதோ உள்ளூர்த் திருவிழா என்று நினைத்து, வழிவிட்டு வீடியோ எடுத்தார்கள். ஒருவர் பயபக்தியாகக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். ரோசம்மாவும் சளைக்காமல் கையை உயர்த்தி அவரை ஆசீர்வதித்தார்.

மூன்று இடத்தில் இறக்கி வைத்து, மூச்சு வாங்கிப் போய்ச் சேர்ந்தபோது கடைசிப் பாட்டுக்கு எல்லோரும் எழுந்து நின்றிருந்தார்கள். பாட்டுக் குழுப் பெண்கள் ஓடி வந்தார்கள். புதுமாப்பிள்ளை நாற்காலியை யாரிடமும் கொடுக்கவில்லை. பாடுகிறவர்கள் நடுவில் தானே கொண்டுபோய் வைத்தான்.

அண்ணன் சட்டை வியர்வையில் தொப்பலாக நனைந்து வாசலிலேயே நின்றுவிட்டார். உள்ளே பாட்டு ஆரம்பித்தது. அத்தனை குரல்களில் ஒன்று மட்டும் சுருதி விலகி, மற்றவர்களை முந்திக்கொண்டு ஓடியது.

"கேக்குதுங்களா சார்? நம்ம ஆத்தா கொரலுங்க!" என்றார்.

ஜீப் நடுரோட்டில் நிற்பது அவர் நினைவிலேயே இல்லை. நானும் ஞாபகப்படுத்தவில்லை. பாட்டு முடிகிறவரைக்கும் அந்த மனுஷன் அப்படியே சிரித்துக்கொண்டு நிற்கட்டும் என்று இருந்தது எனக்கு.