இரண்டு கதவு வண்டி

முழங்கால் தாடையில் இடிக்க, மருந்துக்கடைக்காரர் தம் சொந்தக் காரின் பின் சீட்டில் மாட்டிக்கொண்டிருந்தார். இரண்டே கதவுள்ள ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார். முன் சீட்டை மடக்கினால்தான் பின்னால் இருப்பவர் இறங்க முடியும். முன்னால் இருந்தவர்களோ மடக்குகிற ரகமாகத் தெரியவில்லை.

'கார் விற்பனைக்கு' விளம்பரம் பார்த்து வந்தவர்கள். ஓட்டியவன் கதவளவு அகலம், கன்னத்தில் நீளமாய்த் தழும்பு. பக்கத்தில் அவனுடைய அம்மா, மடியில் கைப்பையுடன். "நீ பின்னாடி ஏறிக்கப்பா" என்று அந்தம்மா சொன்னபோது மறுக்க அவருக்கு வாய் வரவில்லை.

ஒரு சுற்று என்றுதான் பேச்சு. கார் கடைத்தெருவைத் தாண்டி, ஊரையும் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.

"சார், எங்க போறோம்?"

தழும்புக்காரன் பல்லைக் கடித்தபடி நேரே பார்த்து ஓட்டினான்.

வண்டியில் குறை சொன்னால் திருப்பிவிடுவான் என்று தோன்றியது. "டர்போ கொஞ்சம் தகராறு சார். மிதிச்சா இழுக்காது."

"மிதிச்சுப் பாருடா" என்றார் அம்மா.

மிதித்தான். நன்றாகவே இழுத்தது. மருந்துக்கடைக்காரரின் வயிறு மட்டும் பழைய இடத்திலேயே நின்றுவிட்டது.

அடுத்து மிரட்டிப் பார்த்தார். "என் மச்சான் போலீஸ்ல இருக்காரு."

அந்தம்மா மெல்லத் திரும்பினார். "அப்படியா? எந்த ஸ்டேஷன்?"

அவருக்கு மச்சானே கிடையாது. அந்தம்மா மகன் பக்கம் சாய்ந்து, "மெயின் ரோடு வேணாம், லெஃப்ட்ல திரும்பு" என்றார்.

கார் மண் பாதையில் இறங்கியது. மருந்துக்கடைக்காரர் போனை எடுத்து மனைவியை அழைத்தார்.

"என்னைக் கடத்துறாங்க!" என்று கிசுகிசுத்தார்.

"என்னது? ஒரே சத்தமா இருக்கு!"

இருக்காதா? தெருவே திரும்பிப் பார்க்க வேண்டுமென்று ஆசை ஆசையாய் அவரே மாட்டிய சைலன்சர்.

"கடத்துறாங்கடி!"

"கடைத்தெருவுலயா இருக்கீங்க? நல்லதாப் போச்சு. ரெண்டு பேருக்கும் டயப்பர் வாங்கிட்டு வந்துடுங்க."

போன் கட்டாகிவிட்டது. பிறந்து மூன்று மாதமான இரட்டைக் குழந்தைகள். அவர்களை உட்கார வைக்க இடமில்லையென்றுதான் இந்தக் காரையே விற்கிறார்.

மூடிக் கிடந்த ஒரு தொழிற்சாலையின் பெரிய மைதானத்தில் கார் நின்றது. ஈ காக்கை இல்லை. தழும்புக்காரன் இறங்கினான். அந்தம்மாவும் இறங்கினார். இரண்டு கதவும் சாத்திக்கொண்டன.

மருந்துக்கடைக்காரர் கை கூப்பிவிட்டார். "அம்மா, வண்டிய சும்மாவே எடுத்துக்கங்க! சாவி உங்ககிட்டதான் இருக்கு. நான் நடந்தே போயிடுறேன். கைக்குழந்தை ரெண்டு இருக்கு எனக்கு!"

வெளியே தழும்புக்காரன் தலையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான்.

அந்தம்மா காரைச் சுற்றி வந்தார். ஓட்டுநர் சீட்டில் ஏறி, அதை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, கண்ணாடியில் அவரைப் பார்த்தார்.

"அவன் சுத்தப் பயந்தாங்கொள்ளிப்பா, ஸ்டியரிங்கப் பிடிச்சா பேச்சே வராது, வண்டி எனக்குத்தான், ஆள் இல்லாத இடத்துல கொஞ்சம் வேகமா ஓட்டிப் பாக்கணும், நீ கெட்டியா பிடிச்சுக்க!"