இறங்கு பாதையில் ஏறிய வரையாடு

ஒரு காட்டில், மனிதர்களைப் பிடித்த வியாதிகள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தபோது பனிச்சறுக்கும் வந்து சேர்ந்தது. சும்மா இருந்த மலைக்குக் கம்பிவேலி போட்டார்கள். மேலே போக ஒரு விஞ்ச், கீழே வரச் சறுக்குச் சரிவு. சரிவின் அடியில், கீழ்நோக்கிய அம்புக்குறியோடு ஒரு பலகை: ‘ஒருவழிப் பாதை. இறங்க மட்டும்.’

இதற்கு மேற்பார்வையாளர் ஒரு கரடி. பனிக்காலம் முழுக்கக் குகைக்குள் குறட்டை விடுகிற பிராணிக்குப் பனிச்சறுக்கு உத்தியோகம் கொடுத்த மகராசன் யாரோ தெரியவில்லை. ஐயா பனியைக் கண்ணால் கண்டதே கிடையாது. கொளுத்துகிற சித்திரை வெயிலில் கம்பளிக் கோட்டும் கறுப்புக் கண்ணாடியும் மாட்டிக்கொண்டு, புல் முளைத்த சரிவைக் காவல் காத்தார்.

செவந்தி என்ற வரையாடு தண்ணீர் குடிக்கக் கீழே வந்திருந்தது. பிறந்து நான்கே நாளான அதன் குட்டி உச்சிப்பாறையில் தனியாகக் கிடந்தது. பால் கட்டி மடி வலித்தது. செவந்தி சரிவில் நாலு அடி ஏறியதுமே பின்னால் விசில் சத்தம்.

“ஏய், பலகை கண்ணுக்குத் தெரியலையா?”

“குட்டி மேல பசியோட கெடக்குங்க ஐயா.”

“அப்போ விஞ்ச்ல போ.”

“பூட்டிக் கெடக்குங்களே.”

“பனி விழுந்தாத்தான் தொறப்பாங்க. மார்கழில வா.”

“அதுவரைக்கும் குட்டி தாங்காதுங்க. பனியே இல்லாத எடத்துல யாரு வந்து என்மேல மோதப் போறாங்க?”

“பனி இல்லாம இருக்கலாம். சட்டம் இருக்குல்ல? அம்பு காட்டுற பக்கம் மூஞ்சி இருக்கணும். முதல்ல என்னைப் பார்த்து நில்லு.”

செவந்தி திரும்பி நின்றது. உள்ளே ஆத்திரம்தான். ஆனாலும் பெரிய இடத்துக்கு முதுகைக் காட்டக் கூடாது என்று வளர்ந்த ஆடு அது. “உத்தரவுங்க” என்று தலையைத் தாழ்த்தி, விலகிப் போகப் பின்னால் ஓரடி வைத்தது. விசில் சத்தம் வரவில்லை. இன்னொரு அடி வைத்தது. கரடி திருப்தியாகத் தலையாட்டினார்.

செவந்திக்குப் புரிந்துவிட்டது. முகம் கீழ்ப்பக்கம் இருக்கிறவரை, கால் மேலே போவது அந்தக் கோட்டுக்குள் இருக்கும் மூளைக்கு எட்டாது. “உத்தரவுங்க, உத்தரவுங்க” என்று கும்பிட்டபடியே மலை முழுவதையும் பின்னோக்கி நடந்தே ஏறி முடித்தது. குட்டி முதலில் பார்த்தது அம்மாவின் வாலைத்தான். அதனாலென்ன, பால் கிடைத்தது.

ஒரே வாரத்தில் காடே அப்படி ஏற ஆரம்பித்தது. கரடி மேலிடத்துக்கு அறிக்கை எழுதினார்: ‘இக்கோடையில் ஒருவர்கூட மலை ஏறவில்லை.’ பாராட்டுக் கடிதம் வந்தது.

மாட்டியது ஒரு முள்ளம்பன்றி மட்டும்தான். சரிவு செங்குத்தாக இருக்கிறதே என்று பயந்து, மலையைக் கட்டிப்பிடித்தபடி பின்னங்காலால் தடவித் தடவி இறங்கிக்கொண்டிருந்தது பாவம்.

“மூஞ்சி மேல பார்க்குது. ஏறுறான்” என்றார் கரடி.

“சத்தியமா எறங்குறேங்க ஐயா.”

“புடிபட்டவன் எல்லாம் இதைத்தான் சொல்லுவான்.”

சாட்சி சொல்ல, அந்தப் பக்கம் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த செவந்தியைக் கூப்பிட்டார் கரடி. முள்ளம்பன்றி அதையே பார்த்தது. செவந்தி ஒரு கணம் உச்சிப்பாறையை நினைத்துக்கொண்டது.

“ஏறிக்கிட்டுத்தான் இருந்தாருங்க ஐயா” என்றது. பிறகு தலையைத் தாழ்த்தி, “உத்தரவுங்க” என்று பின்னால் ஓரடி எடுத்து வைத்தது. குட்டிக்குப் பால் நேரம்.

நீதி: மேலே போக நினைப்பவர்கள் காலை எந்தப் பக்கம் வேண்டுமானாலும் வைக்கலாம், முகம் மட்டும் அதிகாரி உட்கார்ந்திருக்கும் பக்கமாகவே இருக்க வேண்டும்.