வெஸ்ட் இண்டீஸுக்குக் கறித்தூள்

கிரிக்கெட் பார்த்துப் பூமிசாஸ்திரம் படித்தவனிடம் வியாபாரத்தை ஒப்படைக்கக்கூடாது. இதை எங்கள் சித்தப்பாவுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் கேட்டிருக்கமாட்டார், என்மேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை. (பாவம், நல்ல மனுசன்.)

யுத்த காலம். நான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, வெள்ளவத்தையில் சித்தப்பா வீட்டில் தங்கிக் கணக்கியல் படித்துக்கொண்டிருந்தேன். படித்தேன் என்பது ஒரு மரியாதைக்குச் சொல்வது. முன்வீட்டு டிவியில் கிரிக்கெட் பார்த்தேன் என்பதுதான் உண்மை. சித்தப்பாவுக்குக் கொட்டாஞ்சேனையில் ஒரு கிட்டங்கி இருந்தது. ஊரிலிருந்து வெங்காயமும் செத்தல் மிளகாயும் லொறியில் வந்து அங்கே இறங்கும். அவர் கொழும்புக் கடைகளுக்குப் பிரித்துக் கொடுப்பார். யுத்தத்தில் யாழ்ப்பாணப் பாதை பூட்டியதோடு லொறிகள் நின்றுபோயின. கிட்டங்கியில் எலி மட்டும் மிஞ்சியது. கட்டடச் சொந்தக்காரர் இடைக்கிடை வந்து, அடுத்து யாருக்குக் கொடுக்கலாம் என்று யோசிப்பவர்போலச் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போவார்.

அந்த நேரத்தில்தான் புதுக்கடையில் வழக்கறிஞராக இருந்த சித்தப்பாவின் நண்பர் ஒரு செய்தி கொண்டுவந்தார். கரீபியன் கடலில் உள்ள ஒரு சின்னத் தீவிலிருந்து இறக்குமதி வியாபாரி ஒருவர் கொழும்புக்கு வருகிறாராம், வாசனைச் சரக்கு தேடுகிறாராம். (தீவின் பெயரை இங்கே எழுதமாட்டேன். அந்த மக்களுக்கு நான் செய்த மரியாதை ஒருதரம் போதும்.)

சித்தப்பா என்னைக் கூப்பிட்டு முன்னால் இருத்தினார்.

"தம்பி, இது சரிவந்தா கிட்டங்கி நிக்கும். இல்லாட்டி சாவியைக் குடுத்திட்டு, நானும் சித்தியும் உன்னைப்போல ஆரோ ஒராளின்ரை வீட்டிலை போய் இருக்கவேண்டியதுதான்."

என்னுடைய வேலை சின்னது. அந்தத் தீவுக்காரர் எந்தச் சாமானுக்கு எவ்வளவு இறக்குமதித் தீர்வை அறவிடுகிறார்கள் என்று அறிந்து சொல்லவேண்டும். நாங்கள் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் அங்கே சுங்கத்தில் விலை ஏறினால் யாரும் வாங்கமாட்டார்கள் என்று சித்தப்பாவுக்குத் தெரியும். கோட்டைப் பக்கம் ஒரு நூலகத்துக்குப் போனேன். அந்தத் தீவின் தீர்வைப் புத்தகம் இல்லை, பக்கத்தில் இருக்கிற பெரிய தீவினுடையதுதான் இருக்கிறது என்றார்கள். மூளையுள்ளவன் அந்த இடத்தில் நன்றி சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்திருப்பான். நான் அதையே விரித்து வைத்துக்கொண்டு படித்தேன். வெஸ்ட் இண்டீஸ் என்றால் வெஸ்ட் இண்டீஸ்தானே!

இரண்டும் வேறு தீவுகள் அல்லவா என்று சித்தப்பாவே ஒருதரம் கேட்டார். நான் விடவில்லை.

"எல்லாருக்கும் ஒரே டீம், ஒரே கப்டன், ஒரே தொப்பி. பிறகேன் சித்தப்பா ரெண்டு கஸ்டம்ஸ்?"

அவரும் அதே கிரிக்கெட்டைப் பார்த்தவர்தானே, உடனே தலையாட்டினார். கிரிக்கெட்டே பார்க்காத சித்தியும் அது நியாயம்தான் என்றார்.

பெரிய தீவின் புத்தகத்தில் கறித்தூளுக்குத் தீர்வையே இல்லை. முழுச் சரக்குக்குத்தான் கொஞ்சம் இருந்தது. ஓடிவந்து அறிவித்தேன்: கறுவாவும் மிளகும் வேண்டாம், தூள்தான் அனுப்பவேண்டும். அதோடு நிறுத்தியிருக்கலாம். வாய் நின்றால்தானே. பெரிய வியாபாரிகள் சாம்பிள் பைக்கற்றைப் பார்த்து மயங்கமாட்டார்கள், கப்பலில் ஏற்றத் தயாராகச் சரக்கு இருக்கவேண்டும் என்று பாடப்புத்தகத்தில் இல்லாத ஒரு விதியையும் சொல்லிவைத்தேன்.

சித்தப்பா கையிலிருந்ததையெல்லாம் கொத்தமல்லியிலும் மிளகாயிலும் போட்டார். சித்தியும் அயல் வீட்டுப் பெண்களும் பின்முற்றத்தில் அடுப்பு மூட்டி, யாழ்ப்பாணத்து முறைப்படி கறுக்க வறுத்தார்கள். தெருவே தும்மியது. ஜிந்துப்பிட்டி மில்லில் அரைத்துக் கொண்டுவந்து கிட்டங்கியைக் கூரைவரை நிரப்பினோம். பைக்கற்றில் 'வெஸ்ட் இண்டீஸ் ஸ்பெஷல்' என்று ஆங்கிலத்தில் அச்சடித்து, கீழே மூன்று விக்கெட்டும் ஒரு பந்தும் போட்டோம். படம் என்னுடைய யோசனை. அச்சகக்காரர் மட்டும், சமையல் சாமானுக்கு எதற்கு விக்கெட் என்று கேட்டார். வெளிநாட்டு வியாபாரம் அவருக்கு விளங்காது என்று விட்டுவிட்டேன்.

கொழும்புக்கு வந்துசேர்ந்த தீவுக்காரருக்குக் காட்டவென்று இரண்டு மூட்டையை ஓட்டோவில் வெள்ளவத்தைக்குக் கொண்டுவந்தபோது செக் பொயின்ற்றில் மறித்தார்கள். தமிழ்ப் பெடியன், மூட்டையில் மண்ணிறத் தூள். இரண்டும் சேர்ந்தால் அந்த நாட்களில் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. ஆமிக்காரர் ஒரு மூட்டையை அவிழ்த்து முகர்ந்து பார்த்துவிட்டு, கண்ணால் தண்ணீர் ஓட ஓடத் தும்மினார். இது எங்கே போகிறது என்று கேட்டார். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் வெஸ்ட் இண்டீஸுக்கு என்றேன். மனுசனின் முகம் மலர்ந்துவிட்டது. மல்லி, மல்லி (சிங்களத்தில் தம்பி) என்று என் தோளில் கையைப் போட்டுக்கொண்டு, அவர்களுடைய வேகப்பந்து வீச்சைப் பற்றிப் பின்னால் நின்ற வாகனங்கள் ஹோர்ன் அடிக்கும்வரை கதைத்தார். அது ஒரு நாடு என்பதில் அவருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. ஆக, குடும்பமும் ராணுவமும் என் பக்கம்.

தீவுக்காரரை மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கே அழைத்தோம். உயரமான, நரைத்த, மெதுவாகக் கதைக்கிற மனிதர். சித்தி நண்டுக் கறி வைத்திருந்தார். வந்தவர் கையால் சாப்பிட்டதைப் பார்த்ததும் சித்தப்பாவுக்குப் பாதி ஓடர் கிடைத்த மாதிரி. சித்தப்பாவுக்கு ஆங்கிலம் ஓடாது. ஆகையால் பேச்சு முழுவதும் என்னுடையது. நான் எழுந்து நின்று (ஏன் எழுந்தேனோ தெரியாது) அந்த மனிதருக்கு அவருடைய நாட்டின் தீர்வைக் கொள்கையை விளக்கினேன். உங்கள் அரசாங்கம் கறித்தூளுக்கு ஒரு சதமும் அறவிடுவதில்லை என்று அடித்துச் சொன்னேன். கடைசியாக, உங்கள் டீமை நாங்கள் கடவுளாகக் கும்பிடுகிறோம் என்றும் சேர்த்தேன்.

அவர் நண்டுக் காலைக் கீழே வைத்தார். எந்த நாட்டைப் பற்றிச் சொல்கிறாய் என்று கேட்டார். வெஸ்ட் இண்டீஸ் என்றேன்.

அப்படி ஒரு நாடு இல்லை என்று அவர் ஆறுதலாகச் சொன்னார். தங்களுக்கென்று தனி அரசாங்கம், தனிக் கொடி, தனிச் சுங்கம் இருக்கிறது. நான் சொன்ன தீர்வை பக்கத்துப் பெரிய தீவினுடையது. அவர்களோடு தங்களுக்குப் பிஸ்கட்டிலிருந்து சவர்க்காரம்வரை வியாபாரத் தகராறு. தங்கள் தீவில் ஒரேயொரு மசாலா மில் இருக்கிறது. அதைக் காப்பாற்றுவதற்காக வெளியிலிருந்து வரும் தூளுக்கு யாரும் வாங்கமுடியாத அளவுக்குத் தீர்வை போட்டிருக்கிறார்கள். முழுச் சரக்குக்குத்தான் ஒன்றுமில்லை. அந்த மில்லுக்குக் கொத்தமல்லியும் மிளகும் வாங்கத்தான் அவர் வந்திருக்கிறார். நீ கும்பிடுகிற டீமில் எங்கள் ஊர்ப் பிள்ளை ஒருவனை இன்னும் எடுக்கவில்லை என்றும் சொன்னார். சென்னைச் சுங்கத்தின் புத்தகத்தைப் படித்துவிட்டு நான் உன்னோடு வியாபாரம் பேச வந்தால் உனக்கு எப்படி இருக்கும் என்று அவர் கேட்டபோதுதான் எனக்கு நெஞ்சில் பட்டது. வெட்கத்தில் இருக்கவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை.

இதற்கிடையில் சித்தப்பா சிரித்த முகத்தோடு விருந்தாளியின் சாப்பாட்டுக் கோப்பையில் இன்னொரு நண்டைப் போட்டார்.

"என்னவாம் தம்பி?"

"சித்தப்பா, வெஸ்ட் இண்டீஸ் எண்டு ஒரு நாடு இல்லையாம்."

சித்தப்பா கரண்டியைச் சட்டிக்குள் வைத்தார்.

"அப்ப, போனமுறை எங்களுக்கு அடிச்சவங்கள் ஆர்?"

முழுக் கொத்தமல்லி கிடைக்குமா என்று அந்த மனிதர் நல்ல மனதோடு கேட்டார். வீட்டில் ரசத்துக்குக்கூட ஒரு விதை மிச்சமில்லை, எல்லாம் வறுத்தாயிற்று, அரைத்தாயிற்று. புதிதாக வாங்கக் கையில் ஒன்றும் இல்லை. சித்திக்கு நன்றி சொல்லி, நண்டை முடித்துவிட்டுப் போனார். சரக்கை வேறொருவரிடம் வாங்கிக்கொண்டார் என்று பிறகு கேள்விப்பட்டோம்.

சித்தப்பா என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். என்னோடு கதைப்பதை நிறுத்திவிட்டு, "அவரைச் சாப்பிடச் சொல்லு" என்று சித்தி மூலமாகச் சொல்லியனுப்பினார். 'அவர்' என்றதில்தான் எல்லாம் இருந்தது. கட்டடச் சொந்தக்காரர் சுவரைத் தட்ட வந்தவர், தும்மிக்கொண்டே திரும்பிப் போனார்.

பிறகு ஒருநாள் பக்கத்து லொட்ஜில் தங்கியிருந்த ஒரு அம்மா வந்தார். மகன் கனடாவுக்குப் போகிறான், பெட்டிக்குள் வைத்துவிட வறுத்த தூள் கொஞ்சம் வேண்டும் என்றார். சித்தி கொடுத்தார். அடுத்த நாள் அதே லொட்ஜிலிருந்து நாலைந்து பேர் வந்தார்கள். வெள்ளவத்தை லொட்ஜுகள் முழுக்க வெளிநாட்டுக்குப் போகக் காத்திருந்த சனம். கனடா, லண்டன், சுவிஸ், எங்கே போனாலும் பெட்டியில் தூள் போகவேண்டும். சித்தப்பா ஒவ்வொரு லொட்ஜாக ஏறி இறங்கினார். பெட்டிக்குள் போகிற சாமானுக்கு யார் தீர்வை கேட்கிறார்கள் என்று பல நாளுக்குப் பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார். மூட்டைகள் குறைந்தன, சித்தி மறுபடியும் வறுத்தார், கிட்டங்கி நின்றது.

ஆனால் அப்படியொரு வியாபாரத்தை நான் வேறெங்கும் காணவில்லை. தூள் நன்றாக இருக்கிறது என்று எல்லாரும் சொல்வார்கள். வாங்கினவர்களில் ஒருவரும் இரண்டாந்தரம் வருவதில்லை. சித்தப்பாவுக்கு அதில் சந்தோஷமும் இருந்தது, துக்கமும் இருந்தது. கடைசியில் அவரும் சித்தியும்கூட ஒரு பெட்டி நிறையத் தூளோடு டொரோண்டோவுக்குப் போனார்கள்.

நான் அங்கே கலியாணம், சாமத்தியவீடு என்று போகும்போதெல்லாம் சித்தப்பா என்னைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டுபோய்ச் சபைக்கு அறிமுகம் செய்வார்.

"இவர்தான் வெஸ்ட் இண்டீஸை ஒரே நாடாக்கினவர்."

எங்கள் ஆட்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். விசயம் தெரியாத மாப்பிள்ளை வீட்டார் மட்டும் நான் ஏதோ பெரிய ராஜதந்திரி என்று நினைத்து எழுந்து கதிரை தருவார்கள். போனமுறை ஒருவர் மிகுந்த பணிவோடு, அங்கே எவ்வளவு காலம் பதவியில் இருந்தீர்கள் என்று கேட்டார்.

ஒரு மத்தியானச் சாப்பாடு முடியும்வரைக்கும் என்றேன்.