கம்ப்யூட்டருக்குப் பொட்டு வைத்த மனிதர்

எனக்கு எழுபத்தெட்டு வயது. ஐந்தைப் பெற்று, இரண்டை எடுத்து வளர்த்து, ஏழு பிள்ளைகளை ஆளாக்கினேன். ஒன்றும் சோடை போகவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் சொல்லச் சொல்ல எழுதுவது என் பேத்தி யாழினி. ஆகவே பிழை இருந்தால் அது அவளுடையது.

மலேசியாவில், நெகிரி செம்பிலான் மாநிலத்துத் தோட்டங்கள் அத்தனையிலும், பொட்டு வைக்காமல் ஓர் ஆணியைக்கூட முடுக்காத மனிதர் ஒருவர்தான் இருந்தார். தம்பின் டவுனுக்குப் பக்கத்தில், எங்கள் தோட்டத்து எஞ்சின் ரூமில் வேலை பார்த்தவர். சொந்தப் பெயர் சம்பளம் போடும் கிராணிக்கு மட்டும் தெரியும்; எங்களுக்கு அவர் பொட்டண்ணன். பழுது பார்க்கக் கையில் எடுக்கும் எதற்கும் முதலில் சந்தனம், நடுவில் குங்குமம். பிறகுதான் ஸ்க்ரூட்ரைவர். தோட்டத்து கிளினிக்கின் குளிர்பெட்டிக்கு அவர் மூன்று பெரிய பொட்டு வைத்துவிட்டுப் போக, ஊசி போட வந்த கிழவிகள் அதன் முன்னால் கன்னத்தில் போட்டுக்கொண்டு நின்றார்கள். ஒருத்தி தேங்காயும் உடைத்தாள். மானேஜர் கார் விளக்குக்கு வைத்ததற்கு நல்ல திட்டு வாங்கினார். கார் மறுபடி படுத்தபோது, பொட்டைச் சின்னதாக வைத்தால் போதும் என்று மானேஜரே இறங்கி வந்தார்.

இயந்திரத்தைத் தமிழில் கொஞ்சுவார், மலாயில் திட்டுவார். தமிழில் திட்டினால் அது மனசு உடைந்துவிடும் என்பது அவர் கட்சி.

தொண்ணூறுகளில் என் கடைக்குட்டி வசந்தா காலையில் ரப்பர் மரத்தில் பால் வெட்டிவிட்டு, மாலையில் சிரம்பானுக்கு பஸ் ஏறிப் போய் கம்ப்யூட்டரில் படம் வரையப் படித்தாள். சுங்கை காடுட்டில் ஒரு தொழிற்சாலை வரைபட வேலைக்குக் கூப்பிட்டிருந்தது. திங்கட்கிழமை காலை, தான் வரைந்த படத்தை டிஸ்கெட்டில் கொண்டுவர வேண்டும். வேலை கிடைத்தால் பால் வாளியைக் கீழே வைத்துவிடலாம். இல்லையென்றால் அவளும் என்னைப் போலத்தான். வீட்டிலிருந்த பழைய கம்ப்யூட்டரிலோ ஒரு கோடு நகர்வதற்குள் சோறு வெந்துவிடும். அதனால் திரையில் படம் காட்டுகிற புது கார்டு ஒன்றை வாங்கி வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அதை மாட்டப் போகும்போது, பக்கத்து வீட்டிலிருந்து பொட்டண்ணன் வந்து நின்றார்.

"கரண்டு ஓடுற பெட்டி. பொம்பளப் புள்ள கை வைக்கக் கூடாதுலா."

கரண்டுக்கு ஆண், பெண் தெரியுமா என்று கேட்டேன். காதில் வாங்கவில்லை. மாமா பேச்சுக்கு மரியாதை கொடுத்து வசந்தா தேநீர் கலக்கப் போனாள். அதுதான் வினை.

கார்டைச் செருகி சுவிட்சைப் போட்டார். திரை ஒரே கருப்பு. பெட்டி மட்டும் நீளமாக ஒரு தடவை, குட்டையாக இரண்டு தடவை கத்தியது.

"பல்லி சொல்ற மாதிரி சொல்லுது அக்கா. நல்ல சகுனம்."

சகுனம் நன்றாகத்தான் இருந்தது, படம்தான் வரவில்லை. வயரைப் பிடுங்கிச் செருகினார். திரையைக் கிழக்குப் பார்க்க வைத்தார். முதுகில் தட்டினார். கூரையில் ஏறி டிவி ஏரியலைத் திருப்பினார். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று வசந்தா கத்தியது மேலே எட்டவில்லை. இறங்கி வந்து, "ஹீடுப் லா" என்று, உயிர் வரச்சொல்லி மலாயில் அதட்டினார். பொழுது சாய்ந்தது. வசந்தா, மறுநாள் பால் வெட்டுவதற்குக் கத்தியைத் தீட்ட உட்கார்ந்தாள். அதைப் பார்த்ததும் அவர் சுவிட்சை அணைத்தார். கார்டைக் கழற்றி அவளிடமே நீட்டினார்.

பெட்டிக்குள் செருகும் விளிம்பில் தங்கப்பல் வரிசை மாதிரி இருந்தது. அதன்மேல் காய்ந்த சந்தனம், நடுவில் குங்குமம்.

"அங்க போயா மாமா வச்சீங்க?"

"நெத்தி எதுன்னு தேடுனேம்மா. அந்த எடந்தான் தங்கமா மின்னுச்சு."

அழிக்கிற ரப்பர் இருந்தால் தேய்த்து எடுத்துவிடலாம் என்றாள். சுற்றிலும் கண்ணுக்கெட்டிய வரை ரப்பர் மரம். பென்சில் எழுத்தை அழிக்க ஒரு துண்டு ரப்பர் இல்லை. வீடு வீடாக ஏறி இறங்கி, கடைசியில் கிராணி மகளின் பள்ளிப் பையிலிருந்து பிடுங்கிக்கொண்டு ஓடி வந்தார். வசந்தா தேய்த்தாள், செருகினாள். நிறம் நிறமாகத் திரை விழித்தது. நான் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டேன். என் முகத்தை யாருக்கும் காட்டுவதாக இல்லை.

மறுநாள் அவரே லீவு போட்டு, மோட்டாரில் அவளை ஏற்றிக்கொண்டு போனார். தொழிற்சாலைக்குள் அவரை விடவில்லை. மத்தியானம் வேலை கிடைத்து அவள் வெளியே வந்தபோது, கேட் பக்கத்தில், கொளுத்துகிற வெயிலில், ஹெல்மெட்டைக் கழற்றாமல் கண்ணாடியையும் இறக்கிவிட்டுக்கொண்டு நின்றிருந்தார். ஏன் மாமா இப்படி வேகுறீங்க என்று கேட்டிருக்கிறாள்.

"கழட்டுனா முடி கலஞ்சிடும்லா," என்றாராம்.

அவர் தலையில் முடி இருந்து நான் பார்த்ததே இல்லை.

யாழினி, எழுதினது போதும். அவர் கேட் பக்கத்தில் நின்றாரே, அந்த இடத்தை மட்டும் இன்னொரு தரம் படி. மெதுவாக.