கிழங்கு சிந்திய ரத்தம்

தோளில் கிளம்பி விலா வரைக்கும் சுளீர் சுளீர் என்று ஒரு வலி. மின்கம்பியைத் தொட்ட மாதிரி. போகுவா கிழங்குக் குவியலில் சாய்ந்துகொண்டு பல்லைக் கடித்தாள். மார்பைச் சிறிதாக்கும் அறுவை முடிந்து பத்தொன்பது நாள்.

கானா நாட்டு டெச்சிமான் சந்தையில் அவளும் நானும் இருபது வருஷமாக வள்ளிக்கிழங்கு சுமந்து விற்பவர்கள். எனக்குத் தலையில் ஒரு சுமை. அவளுக்கு நெஞ்சில் இன்னொன்று. உள்ளாடைப் பட்டை தோளை அறுத்து, விரலை வைத்தால் உட்காரும் அளவுக்குப் பள்ளம். மழைக்காலத்தில் மார்புக்கு அடியில் தோல் வெந்து புண்ணாகும். முதுகுவலி ஒருநாளும் விட்டதில்லை. டாக்டர் இரண்டரைக் கிலோ எடுத்தார். கண் விழித்ததும் அவள் கேட்டது இதுதான்:

"என் முதுகு எங்கடி? இருக்கறதே தெரியலையே!"

நர்ஸ் சொல்லித்தான் அனுப்பினாள். ஆறு வாரம் சுமை தூக்காதே. காயத்துக் கட்டை நனைக்காதே. மாத்திரையை நிறுத்தாதே. சுளீர் என்றால் பயப்படாதே, நரம்பு விழித்துக்கொள்கிறது. இதில் புரியாதது என்ன? ஆனால் காசு வாங்காமல் சொன்ன புத்திக்கு எங்கள் சந்தையில் மரியாதை கிடையாது.

மரியாதையெல்லாம் தீர்க்கதரிசி அடொம்பாவுக்கு. லாரி நிற்கும் திடலில் நாலு ஒலிபெருக்கி, ஆளுயரப் படம், ஆடுகூட நுழைய முடியாத கூட்டம். நோயாளியின் மேல் ஒரு பொன்துணியைப் போர்த்துவார். யோர்தான் நதித் தண்ணீரைத் தெளிப்பார். துணி ரத்தச் சிவப்பாக மாறும். உள்ளே இருக்கும் சூனியக்காரியின் ரத்தமாம்! யோர்தான் எப்படிப் பழைய எண்ணெய் பாட்டிலில் வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டால் பாவம்.

போகுவாவின் நாத்தனார் டுஃபி அந்தக் கூட்டத்தில் முதல் வரிசை.

"அண்ணி, வெட்டின சதைய ஆஸ்பத்திரில என்ன பண்ணாங்க? கேட்டியா?"

"கேக்கலையே."

"பாத்தியா! சூனியக்காரிங்க பந்தியில சூப்பாயிருக்கும். இப்ப உன்னைக் கிள்ளுறதும் அவளுங்கதான். இல்ல, நீயும் அவளுங்கள்ல ஒருத்தியாகி வித்துட்டியோ என்னவோ!"

பேச்சு பரவி, அன்று மதியமே அவளோடு ஒரே சட்டியில் ஃபுஃபுக் களி தின்ன ஆள் இல்லை. அடுத்த நாள் அவள் கடையில் கிழங்கு வாங்கவும் ஆள் இல்லை. மூன்று பிள்ளைகளுக்கு அந்தக் கடைதான் சோறு. வலியைத் தாங்கினாள், இதைத் தாங்க முடியவில்லை.

"போறேன்டி. சுத்தம்னு அந்தாளு சொல்லிட்டா விட்டுடுவாங்க," என்றாள்.

தீர்க்கதரிசியின் கட்டளை தயாராக இருந்தது. மாத்திரையைத் தூக்கி எறி. ஞாயிற்றுக்கிழமை மேடையில் கட்டைப் பிரி. தையல்மேல் துணி, துணிமேல் ஒரு பாட்டில் தண்ணீர். பிறகு எல்லோரும் பார்க்க ஒரு மூட்டைக் கிழங்கைத் தூக்கு. ஆறி வரும் தையலுக்கு இதைவிட நல்ல சாவு கிடையாது.

அந்த ஞாயிறு நான் பிராகோவைக் கூட்டிக்கொண்டு போனேன். வாழைத்தோல் சாம்பலைக் கரைத்துக் கருப்புச் சோப்பு காய்ச்சுகிறவள். கை வெடித்திருக்கும், வாய் அதைவிட மோசம்.

கட்டைப் பிரிக்க மேடை ஓரத்தில் ஒரு திரை கட்டியிருந்தது. துணைக்கென்று நாங்களும் மேடையேறினோம். போகுவா சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றினாள். அடொம்பா பாட்டிலைத் திறந்தார். பிராகோ மூக்கைச் சுளித்தாள்.

"போதகரே, ஒரு நிமிஷம். மொதல்ல இந்தக் காணிக்கைக் கிழங்குமேல துணியப் போடுங்க."

"பெண்ணே, கிழங்குக்கு ஆத்மா கிடையாது."

"அப்ப ரத்தமும் வராதுல்ல? போடுங்க."

கூட்டம் சிரித்துவிட்டது. சிரித்த கூட்டத்தை எந்தத் தீர்க்கதரிசியாலும் உடனே அழவைக்க முடியாது. அதற்குள் பிராகோ துணியைப் பிடுங்கிக் கிழங்குக்குப் போர்த்தி, பாட்டிலைக் கவிழ்த்தாள். துணி சிவந்தது. கிழங்கு ரத்தம் சிந்தியது!

"அது சூனியக்காரி தோட்டத்துக் கிழங்கு!" என்று கத்தினார் அடொம்பா.

"ஐயோ, அது நான் குடுத்த கிழங்கு!" என்று அலறினாள் டுஃபி.

பிராகோ மிச்சத் தண்ணீரைத் துணியின் இன்னொரு முனையில் ஊற்றி, அதை அவருடைய தோளில் போட்டாள். அதுவும் சிவப்பு.

"இப்ப உங்களுக்குள்ள எத்தன சூனியக்காரி, போதகரே? எண்ணிச் சொல்லுங்க."

பிறகு பழக்காரியிடம் ஒரு எலுமிச்சம்பழம் வாங்கிப் பிழிந்தாள். சிவப்பு போய்ப் பழையபடி பொன்னிறம். கூட்டம் வாயைப் பிளந்தது.

"இது மஞ்சத்தூள்ல முக்கின துணி. தண்ணி வேற ஒண்ணுமில்ல, நான் சோப்பு காய்ச்சுற சாம்பத் தண்ணி. மஞ்சக்கறை பட்ட என் துணி தெனம் இப்படித்தான் செவக்குது. நான் யாரையாவது தீர்க்கதரிசின்னு கும்புடச் சொன்னனா? பாமாயிலையே சோப்பாக்குற தண்ணிடி இது! பச்சைத் தையல்ல ஊத்தினா தோலு நிக்குமா?"

போகுவா பொத்தானை மேல்வரைக்கும் போட்டாள். கையை உயர்த்த முடியாததால் மெதுவாகத்தான் போட்டாள்.

"வலிக்குது. ஆனா இது என் நரம்பு. எவ கையும் இல்ல," என்றாள்.

அடொம்பாவுக்கு அந்த நேரம் பார்த்து கின்டாம்போ ஊரிலிருந்து தேவ அழைப்பு வந்தது. பேருந்திலேயே போய்விட்டார். இத்தனை அற்புதம் தெரிந்தவருக்குப் பறக்கத் தெரியவில்லை.

ஏழாவது வாரம் போகுவா சின்னக் கூடை ஒன்றைத் தூக்கினாள். தழும்பு சுத்தமாக ஆறியிருக்கிறது. வாடிக்கையும் திரும்பிவிட்டது, ஒவ்வொருவரும் கிழங்கைத் தட்டி, முனையைக் கீறி, முகர்ந்து பார்த்துத்தான் வாங்குகிறார்கள். ஒரு கிழங்குக்கு இவ்வளவு சோதனை செய்கிற மக்களே, உங்கள் உடம்பைத் தொடவருகிறவனையும் ஒருதரம் கீறிப் பார்த்தால் என்ன?

டுஃபி இப்போது ஒன்றும் நடக்காதது போல வந்து பேசிவிட்டுப் போகிறாள். அண்ணியைச் சூனியக்காரி என்றதற்கு அவள் கேட்கவேண்டிய மன்னிப்பு இன்னும் பாக்கி.