வெள்ளிக்கிழமை மட்டும் இருமாத வேன்

"எனக்கு இஞ்சினைப் பற்றி ஒன்றும் தெரியாது" என்று ஒரே ஒரு தடவை சொல்லியிருந்தால் என் மானம் தப்பித்திருக்கும். இருபத்தொரு வயதில் அந்த வாக்கியம் மட்டும் வாயில் வராது. மற்றதெல்லாம் வரும்.

லோபாக்கில் ஒரு பட்டறையில் எட்டு மாதம் இருந்தேன். ஆறு மாதம் மற்றவர்கள் கழற்றிப் போட்ட சாமான்களை மண்ணெண்ணெயில் கழுவினேன். மீதி இரண்டு மாதம் கழுவியதைத் துடைத்தேன். (துடைப்பது பதவி உயர்வு.) பிறகு லாபு பக்கம் எங்கள் ரப்பர் எஸ்டேட்டுக்கு, காதில் பென்சிலைச் செருகிக்கொண்டு, மெக்கானிக் என்று சொல்லி வந்து இறங்கினேன். எஸ்டேட்டும் நம்பிவிட்டது.

மலாய் நாட்டில் அது அவசரகாலம். காட்டுக்குள் ஒளிந்து சண்டை போடும் கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போய்விடக் கூடாது என்று தொழிலாளர் லயங்களைச் சுற்றி முள்வேலி போட்டிருந்தார்கள். வேலைக்காட்டுக்குப் போகிறவர்கள் ஒரு பருக்கைகூட எடுத்துப் போகக் கூடாது. கேட்டில் நிற்கும் ஸ்பெஷல் கான்ஸ்டபிள்கள் பால் வாளி, மடி, சைக்கிள் பம்பு வரைக்கும் தட்டிப் பார்ப்பார்கள். பிடிபட்டால் ஜெயில்தான். மத்தியானம் வீடு திரும்பிய பிறகுதான் சாப்பாடு.

எங்கள் எஸ்டேட்டில் யுத்தத்துக்கு முந்திய பிக்கப் வேன் ஒன்று இருந்தது. அதை ஓட்டியவர் கண்ணுச்சாமி. அவருக்குப் பார்வதி என்று ஒரு மகள். நான் பட்டறையை விட்டு ஊர் திரும்பியதற்கு முழுக் காரணமும் அந்தக் கடைசி வாக்கியம்தான். முன்யோசனையோடு அவரை "மாமா" என்றே கூப்பிட ஆரம்பித்தேன்.

"ட்ரைவர்னு கூப்புடு, போதும்" என்பார்.

அந்த வேனுக்கு வியாதி வந்தது. காலையில் கிளம்பும்போது லொக்கு லொக்கென்று இருமும், கரும்புகை கக்கும், மேட்டில் நடுங்கிக்கொண்டு நிற்கும். அதே வேன் மத்தியானம் திரும்பும்போது ஒன்றுமே நடக்காத மாதிரி வரும். எஸ்டேட் மேனேஜரான பெரிய துரைக்குக் கோபம் வந்துவிட்டது. சனிக்கிழமைக்குள் சரியாகாவிட்டால் ட்ரைவரை மாற்றிவிடுவேன் என்று ஆபீசில் கணக்கெழுதும் கிராணியிடம் சொல்லிவிட்டார். வேலை போனால் கண்ணுச்சாமி குடும்பத்தோடு வேறு எஸ்டேட் பார்த்துப் போக வேண்டியதுதான். பார்வதியும் போய்விடுவாள். நான் ஆபீசுக்கு ஓடி, "நான் பாக்குறேன்" என்றேன்.

பார்த்தேன். ஸ்குரூ டிரைவரின் ஒரு முனையை இஞ்சினில் வைத்து, மறுமுனையில் காதை வைத்துக் கேட்டேன். இஞ்சின் சத்தம்தான் கேட்டது. "டைமிங்" என்றேன். ப்ளக்குகளைக் கழற்றினால் கன்னங்கரேலென்று கரி. இஞ்சினுக்குக் காற்று போதவில்லை என்று அதற்கு அர்த்தம். (இன்றைக்குத் தெரியும். அன்றைக்குக் கழுவினேன்.) கார்புரேட்டரையும் கழுவினேன். அதற்கு மேலே ஒரு உருண்டைத் தகர டப்பா உட்கார்ந்திருந்தது, காற்றை வடிகட்டுவதற்கு.

"அத மட்டும் தொடாத தம்பி, நானே கழுவி வெச்சிட்டேன்" என்றார் கண்ணுச்சாமி.

எனக்குப் பெரிய நிம்மதி. அது என்னவென்றே அப்போது எனக்குத் தெரியாது.

வெள்ளிக்கிழமை காலை வேன் ஒரு இருமல்கூட இல்லாமல் கிளம்பிப் போனது. நான் எஸ்டேட் முழுக்கத் தம்பட்டம் அடித்தேன். தண்ணீர்க் குழாயடியில் பார்வதியிடமும் சொன்னேன்.

"இன்னைக்கு அப்பாவுக்கு வெள்ளிக்கிழமை விரதம்" என்றாள் அவள்.

"அதுக்கும் டைமிங்குக்கும் என்ன சம்பந்தம்?"

அவள் வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். "பாவம் லா நீங்க!" அந்தச் சிரிப்பைக் காதல் என்று எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

சனிக்கிழமை காலை. துரையே வேனில் ஏறி உட்கார்ந்தார். பால் வெட்டுக்குப் போகிற ஆட்களெல்லாம் கேட்டில் வரிசையில் நின்றார்கள். வேன் இருமியது, குலுங்கியது, தடுப்புக் கட்டைக்கு ஒரு முழம் முன்னால் செத்துப் போனது. துரை இறங்கி என்னைப் பார்த்தார். கழற்றாதது அந்தத் தகர டப்பா ஒன்றுதான்.

"நகருங்க மாமா" என்று மூடியைத் திருகினேன். கண்ணுச்சாமிக்கு வேர்த்துக் கொட்டியது.

உள்ளே கம்பி வலையைக் காணோம். அது இருக்க வேண்டிய இடத்தில் வாழையிலையில் மடித்து, பேப்பர் சுற்றி, நூல் கட்டிய ஒரு பொட்டலம். வெதுவெதுவென்று இருந்தது. தேங்காய்ச் சட்னி கார்புரேட்டரின் தொண்டைக்குள் சொட்டிக்கொண்டிருந்தது.

கான்ஸ்டபிள் குனிந்து மோந்து பார்த்தான். "மக்கானான்!" என்று கத்தினான். சாப்பாடு! யாருடையது என்று அதட்டினான்.

நான் வீரன் இல்லை. ஆனால் திரும்பிக் கண்ணுச்சாமியைப் பார்த்தேன். அந்த வெளிறிப்போன முகத்தில் பார்வதியின் மூக்கு இருந்தது. "என்னுது" என்று சொல்லிவிட்டேன். வேலை பார்த்துக்கொண்டே தின்னலாம் என்று சூடு பண்ண வைத்தேன் என்று எனக்குத் தெரிந்த மலாயில் உளறினேன். முன்சக்கரத்தையும் தடுப்புக் கட்டையையும் காட்டி, "பெலும் கெலுவார், துவான்" என்றேன். இன்னும் வெளியே போகவில்லையே, ஐயா.

துரை ஒரு கணம் விழித்தார். அப்புறம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அதற்குள் கண்ணுச்சாமிக்கு உயிர் திரும்பிவிட்டது. என் பின்மண்டையில் பளாரென்று ஒன்று வைத்தார்.

"அறிவு இருக்காடா ஒனக்கு? இஞ்சினு என்னா, ஒங்க வீட்டு அடுப்பா?"

(நடிப்புக்கு அவ்வளவு வேகம் தேவையில்லை.)

கான்ஸ்டபிள் தீர்ப்புச் சொன்னான்: உள்ளேயே நின்று தின்ன வேண்டும், ஒரு துண்டு மிச்சம் வைக்கக் கூடாது. அத்தனை பேர் பார்க்க, பெட்ரோல் வாசனையோடு பொட்டலத்திலிருந்த நாலு தோசையையும் தின்றேன். பொட்டலம் போன இஞ்சின் முதல் சுற்றிலேயே கிளம்பியது. ட்ரைவர் நல்லவர், இந்த மெக்கானிக் இனி என் வண்டிப் பக்கம் வரக் கூடாது என்று துரை உத்தரவு போட்டார். என்னைப் பால் வாளி கழுவ அனுப்பினார்கள்.

அன்று சாயங்காலம் கண்ணுச்சாமி எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். 

"வயித்துப் புண்ணு தம்பி. பத்து மணிக்கு ஒரு வாய் போடலன்னா சுருண்டு விழுந்துருவேன். வெள்ளிக்கிழமை விரதத்துல அப்படித்தான் வண்டிக்குள்ள சுருண்டு கெடக்கேன். இஞ்சினுக்குத் தண்ணி ஊத்துறேன்னு பானெட்டத் தொறந்து, அது மறைவுல தின்னுக்குவேன். சொன்னா வேலை போயிருமோன்னு பயம்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. மறுநாளே எஸ்டேட் ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரஸ்ஸரிடம் கூட்டிப்போனேன். அவர் எழுதிக் கொடுத்த சீட்டில், பத்து மணிக்கு வேலிக்கு உள்ளே வந்து கஞ்சி குடிக்க அனுமதி கிடைத்தது.

"வரேங்க ட்ரைவர்" என்று ஆஸ்பத்திரி வாசலில் விடைபெற்றேன்.

"மாமான்னே கூப்புடு" என்றார்.

வருஷங்கள் ஓடிவிட்டன. எங்கள் வீட்டில் கார், மோட்டார் சைக்கிள், தையல் மெஷின் எது மக்கர் பண்ணினாலும் பிள்ளைகள் ஒரே குரலில், "அப்பா, தோசைய எங்க வெச்சீங்க?" என்பார்கள். பார்வதி அதெல்லாம் கேட்பதில்லை. தோசை சுடும் நாளில் தட்டை என் கையில் கொடுப்பாள். நான் நாற்காலியை இழுத்தால் கரண்டியை நீட்டுவாள்.

"நாலு இருக்கு. இங்கயே நின்னு தின்னுங்க."